முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது

வாகன இன்ஷூரன்ஸ் க்ளெய்ம்களை விசாரிப்பது என் பிழைப்பு. இப்படி விபத்து நடந்தது, இப்படித் திருடு போனது என்று எழுதிக் கொடுப்பார்கள். சொன்னபடிதான் நடந்ததா என்று போய்ப் பார்த்து அறிக்கை கொடுப்பது என் வேலை. இதைச் சொன்னதும் புதிதாய் அறிமுகமாகிறவர்கள் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "அப்படின்னா ஒருத்தர் பொய் சொன்னா மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவீங்களா?" கேட்ட கையோடு கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறவர்களும் உண்டு.

முடியாது. பல வருடமாக இதே வேலையில் இருக்கிற எனக்கும் முடியாது, பெரும்பாலும் வேறு யாருக்கும் முடியாது. தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். அந்த ஆய்வுகளில் 24,000-க்கும் மேற்பட்டவர்கள், முன்பின் தெரியாத ஒருவர் பேசுவதைப் பார்த்தோ கேட்டோ, வேறு எந்த ஆதாரமும் கையில் இல்லாமல், இது உண்மை, இது பொய் என்று சொல்லியிருந்தார்கள். சராசரியாகச் சரியாகச் சொன்னது 54 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு காசைச் சுண்டியிருந்தால் 50 வந்திருக்கும். இவ்வளவு உற்றுப் பார்த்ததற்குக் கிடைத்த லாபம் 4.

அதிலும் ஒரு விவரம் இருக்கிறது. உண்மை பேசியவர்களை உண்மை என்று சரியாகச் சொன்னது 61 சதவீதம். பொய்யைப் பொய் என்று பிடித்தது 47 தான். சந்தேகம் வரும் இடத்தில் நாம் நம்பிவிடும் பக்கம் சாய்கிறோம். அது ஏன் என்று பிறகு வருகிறேன்.

முதலில் இந்தக் கண் விவகாரத்தை முடித்துவிடலாம். பொய் சொல்கிறவன் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான் என்பது ஏதோ நம் ஊர்ப் பாட்டிகள் சொன்னதில்லை. 75 நாடுகளில் மக்களைக் கேட்டு 2006-இல் ஓர் ஆய்வு வெளியானது. பொய்யரை எப்படி அடையாளம் காண்பீர்கள் என்று கேட்டதற்கு அதிகம் பேர் சொன்ன பதில் இதுதான். உலகமே ஒருமனதாக நம்பும் விஷயங்கள் குறைவு, அதில் இது ஒன்று. ஆனால் நிஜமாகவே பொய் சொல்கிறவர்களையும் உண்மை சொல்கிறவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தபோது கண் ஒத்துழைக்கவில்லை. டிபாலோவும் உடன் இருந்தவர்களும் 2003-இல் 158 அடையாளங்களை எடுத்துப் பரிசோதித்தார்கள். கண்ணை விலக்குவது, கையைப் பிசைவது, காலை ஆட்டுவது, நெளிவது என்று நாம் பெரிதாக நினைக்கிற பலவற்றுக்கும் பொய்யோடு சம்பந்தமே தெரியவில்லை; சிலவற்றுக்கு இருந்த சம்பந்தமும் நூலிழை. வலப்பக்கம் மேலே பார்த்தால் கற்பனை, இடப்பக்கம் பார்த்தால் நினைவு என்று பயிற்சி வகுப்புகளில் இன்னமும் படம் போட்டுக் காட்டுகிறார்கள். 2012-இல் அதையும் சோதித்துப் பார்த்தாயிற்று. அதிலும் ஒன்றுமில்லை.

காரணம் யோசித்தால் எளிது. கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்றால் மாட்டிக்கொள்வோம் என்று பொய் சொல்கிறவருக்கும் தெரியும். அவரும் அதே உலகத்தில்தானே வளர்ந்தார். என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து கண் கொட்டாமல் என்னையே பார்த்துப் பேசியவர்களில், பின்னால் காகிதம் வேறு கதை சொன்னவர்கள் நிறைய.

இதன் மறுபக்கம்தான் ஆபத்து. பயந்தவனைப் பொய்யன் என்று முடிவு கட்டுவது. ஒரு விசாரணையை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆட்களின் அடையாளம் வராதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பைக் திருட்டு க்ளெய்ம் அது. இருபத்தைந்து வயசுக்குள் இருக்கும் பையன். அலுவலக வாசலில் நிறுத்தியிருந்தேன், சாயங்காலம் வந்து பார்த்தால் வண்டி இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தான். என்னோடு ஒரு சீனியர் வந்திருந்தார். பையன் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தான். எத்தனை மணிக்கு நிறுத்தினாய் என்று கேட்டால், "எட்டரை சார்... இல்ல, ஒம்போது இருக்கும்" என்றான். சாவி இரண்டும் இருக்கிறதா என்றதற்குக் கொடுத்துவிட்டான், ஆனால் கொடுக்கும்போது கை நடுங்கியது. பார்வை முழுக்கத் தரையில். வெளியே வந்ததும் சீனியர், "இதுக்கு மேல என்ன விசாரிக்கணும்? வித்துட்டு வந்து கதை சொல்றான். நெத்தியிலேயே எழுதியிருக்கே" என்றார்.

அலுவலகக் கட்டடத்தின் கேமராப் பதிவை வாங்கிப் பார்த்தோம். அன்றைக்கு அந்த வண்டி அந்தப் பக்கமே வரவில்லை. சீனியருக்குப் பரம திருப்தி. அதோடு கோப்பை மூடியிருந்தால், மோசடி க்ளெய்ம் என்று எழுதி முடித்திருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள்.

மறுபடி அவனிடம் போய், "தம்பி, வண்டி அன்னைக்கு ஆபீஸுக்கு வரலையே. எங்கே விட்டிருந்தீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னான். வேலை போய்ச் சில மாதம் ஆகிவிட்டது, வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் சட்டையை இன் பண்ணி, பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஒரு நூலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவான். வண்டி திருடு போனது நூலக வாசலில். அதை எழுதினால் அலுவலக நேரத்தில் அங்கே என்ன வேலை என்று வீட்டில் கேட்பார்களே. நூலகத்தின் கேமராவில் எல்லாம் இருந்தது: ஹேண்டில் லாக்கைக் காலால் உதைத்து உடைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே போகிறான் ஒருவன்.

பையன் பொய் சொன்னது நிஜம். அவன் நடுக்கம் பொய்யால் வந்ததும் நிஜமாக இருக்கலாம். ஆனால் திருட்டும் நிஜம். முகம் அதிகபட்சம் சொன்னது, ஏதோ இருக்கிறது என்பதை மட்டும். அந்த ஏதோ என்ன என்று முகத்துக்குச் சொல்லத் தெரியாது. நிரபராதிக்கும் நம்மை நம்பமாட்டார்களோ என்ற பயம் வரும், அந்தப் பயமும் குற்றவாளியின் பயமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். உளவியலாளர் பால் எக்மன் இதற்கு, மனைவியின் பயத்தைக் குற்றம் என்று எடுத்துக்கொண்ட ஷேக்ஸ்பியர் நாடகப் பாத்திரத்தின் பெயரால், ஒதெல்லோ பிழை என்றே பெயர் வைத்திருக்கிறார்.

சீனியரைக் குறை சொல்லவில்லை. அனுபவம் என்பது இந்த விஷயத்தில் ஆளை ஏமாற்றுகிறது. எக்மனும் மோரின் ஓ'சல்லிவனும் 1991-இல் நீதிபதிகள், மனநல மருத்துவர்கள், போலீஸ் விசாரணையாளர்கள், பொய் கண்டறியும் கருவியை இயக்குகிறவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பலரையும் உட்கார வைத்துச் சோதித்தார்கள். காசு சுண்டுவதைவிட உருப்படியாகச் செய்தது அமெரிக்க ஜனாதிபதிக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் சீக்ரெட் சர்வீஸ்காரர்கள் மட்டும். அவர்களும் 64 சதவீதத்தில் நின்றுவிட்டார்கள். 2005-இல் சால் காஸினும் சகாக்களும் இன்னொன்று செய்தார்கள். சிறைக் கைதிகளை, தாங்கள் செய்த குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லியும், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் பேசச் சொல்லியும் பதிவு செய்து, போலீஸ்காரர்களுக்கும் மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். மாணவர்கள் அதிகம் சரியாகச் சொன்னார்கள். போலீஸ்காரர்கள் அதிக உறுதியோடு சொன்னார்கள்.

இந்த உறுதிதான் எனக்குப் பெரிய பிரச்சினையாகப் படுகிறது. ஒருவர் எவ்வளவு திட்டவட்டமாக "அவன் பொய் சொல்றான்" என்கிறாரோ, அதற்கும் அவர் சொல்வது சரியாக இருப்பதற்கும் தொடர்பு கிட்டத்தட்ட இல்லை. நேரில் பார்த்துப் பேசினால் ஆளை எடை போட்டுவிடலாம் என்பதும் இதே ரகம். 1938-இல் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் ஹிட்லரை நேரில் சந்தித்துவிட்டு வந்து, கொடுத்த வாக்கைக் காப்பாற்றக்கூடிய மனிதர் என்று தன் சகோதரிக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருஷம் என்ன ஆயிற்று என்பது ஊருக்கே தெரியும்.

மனுஷனுக்கு முடியாவிட்டால் மெஷின் இருக்கிறதே என்பார்கள். பாலிகிராஃப் அளப்பது மூச்சு, ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, வியர்வை ஆகியவற்றை. பொய்யை அளக்க அதில் எந்த முள்ளும் இல்லை. என் பைக் பையனை அதில் உட்கார வைத்திருந்தால் முதல் கேள்விக்கே முள் எகிறியிருக்கும். மாறாக, அமெரிக்க உளவுத்துறையில் இருந்துகொண்டே சோவியத்துக்கு ரகசியம் விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986-லும் 1991-லும் இரண்டு பாலிகிராஃப் சோதனைகளைத் தாண்டிப் போனார். அவர் பிடிபட்டது எப்படி என்பதுதான் என் தொழிலுக்குப் பிடித்த பகுதி. சோவியத் தூதரக அதிகாரியைச் சந்தித்த தேதிகளையும் அவர் வங்கிக் கணக்கில் பணம் விழுந்த தேதிகளையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தார். முகம், குரல், வியர்வை எதுவும் வேண்டியிருக்கவில்லை. 1994-இல் கைது.

நாம் ஏன் நம்பிவிடுகிறோம் என்று மேலே விட்டுவிட்டேன். டிமத்தி லெவைன் என்ற ஆய்வாளரின் விளக்கம் எனக்கு ஒத்துப்போகிறது: எதிரில் இருப்பவர் உண்மைதான் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்வதுதான் மனிதரின் இயல்பு நிலை; சந்தேகிக்க ஏதாவது காரணம் வந்து முட்டினால்தான் அதிலிருந்து வெளியே வருகிறோம். அது முட்டாள்தனமும் இல்லை. அவரும் சகாக்களும் 1,000 அமெரிக்கர்களிடம், கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பொய் சொன்னீர்கள் என்று கேட்டு 2010-இல் வெளியிட்டார்கள். சுமார் 60 சதவீதம் பேர் ஒன்றும் சொல்லவில்லை என்றார்கள். சொல்லப்பட்ட பொய்களில் கிட்டத்தட்ட பாதி, 5 சதவீதம் பேரின் கணக்கில் போனது. (பொய்யைப் பற்றிய கேள்விக்கே பொய் சொல்லியிருக்கமாட்டார்களா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஆனாலும் பலர் கொஞ்சமாகவும் சிலர் ஏராளமாகவும் பொய் சொல்கிறார்கள் என்பது நான் பார்த்ததோடு பொருந்துகிறது.) ஆக, பெரும்பாலானோர் பெரும்பாலான நேரம் உண்மை பேசும் உலகத்தில் நம்பிக்கொண்டே போவது நல்ல கணக்குதான். எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தால் ஒரு நாள் பொழுது போகாது. என் தொழிலில் நோய் எதிர்த்திசையில் வரும்: சில வருடம் போனால் வருகிற க்ளெய்ம் எல்லாமே மோசடியாகத் தெரியும். அப்படித் தெரிய ஆரம்பித்தவர் அதிகப் பொய்யைப் பிடிப்பதில்லை, அதிக உண்மையைப் பொய் என்கிறார்.

சரி, அப்படியானால் பொய் எப்படித்தான் வெளியே வருகிறது? கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பதில் உள்ள அந்த எட்டு நாளைக் கவனியுங்கள். சொன்ன நிமிஷத்தில் பிடிபடும் என்று யாரும் சொல்லவில்லை. 2002-இல் பார்க், லெவைன் முதலியோர், நீங்கள் நிஜ வாழ்க்கையில் கண்டுபிடித்த ஒரு பொய்யை நினைவுபடுத்தி எழுதுங்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். முகபாவத்தையும் உடலசைவையும் மட்டும் வைத்து அந்த இடத்திலேயே பிடித்ததாகச் சொன்னவர்கள் 2 சதவீதம்கூட இல்லை. மற்றவர்கள் வேறு யாரோ சொல்லியோ, ஏதாவது ஒரு பொருளோ காகிதமோ கிடைத்தோ, பொய் சொன்னவரே பின்னால் ஒப்புக்கொண்டோ தெரிந்துகொண்டார்கள், அதுவும் பெரும்பாலும் நாள் கழித்து.

எனவே நான் ஆளைப் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பார்க்கிறேன். இன்னொரு விசாரணை. இரவில் ஒரு கார் நடுத்தடுப்பில் மோதியிருந்தது. உரிமையாளர் ஐம்பது வயதுக்காரர், குள்ளமான, கனத்த உடம்பு. தானே ஓட்டினேன், தனியாக வந்தேன், நாய் குறுக்கே வந்தது என்று எழுதியிருந்தார். பழகுவதற்கு அருமையான மனிதர். எல்லா ஆவணமும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

அவரைச் சந்திப்பதற்கு முந்தின நாள் வொர்க்‌ஷாப்பில் வண்டியைப் பார்த்திருந்தேன். ஓட்டுநர் இருக்கை கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. அதில் அவர் உட்கார்ந்தால் பிரேக்குக்குக் கால் எட்டாது. அடுத்தது சீட் பெல்ட். மோதும் கணத்தில் பெல்ட்டை இழுத்து இறுக்க உள்ளே ஒரு சின்ன வெடிப் பொறி இருக்கிறது. அது வேலை செய்துவிட்டால் பெல்ட் பெரும்பாலும் அந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். உடம்பைச் சுற்றி இருந்திருந்தால் நீளமாக வெளியே தொங்கும், போடாமல் இருந்திருந்தால் தூணோடு ஒட்டி விறைத்து நிற்கும். அந்த வண்டியில் ஓட்டுநர் பெல்ட் வெளியே தொங்கியது. பக்கத்து இருக்கை பெல்ட்டும் வெளியே தொங்கியது. தனியாக வந்தவருக்கு எதற்கு இரண்டு பெல்ட்?

இதை முதலிலேயே அவர் முன் வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "சீட்டை மெக்கானிக் நகர்த்தியிருப்பான் சார். பக்கத்து சீட்ல பை வெச்சு பெல்ட் போட்டிருந்தேன் சார்." அந்த இடத்திலேயே பதில் தயாராகிவிடும். அதனால் என் பையில் இருந்த போட்டோக்கள் பையிலேயே இருந்தன.

"முதல்ல இருந்து நீங்களே சொல்லுங்க சார், நான் குறுக்கே பேசல" என்றேன். சொன்னார். பிறகு சாதாரணமாகச் சில கேள்விகள்.

"வண்டியில வேற யாராவது, இல்ல சாமான் ஏதாவது இருந்ததா?"

"ஒண்ணும் இல்ல சார், நான் மட்டும்தான்."

"வீட்டுல வேற யாரும் ஓட்டுவாங்களா?"

"என் வண்டியை யாரும் தொடக்கூடாது சார்."

"மோதினதுக்கப்புறம் யாராவது உள்ளே ஏறி சீட்டு கீட்டு நகர்த்தினாங்களா? தூக்கிட்டுப் போனவங்க?"

"கதவைப் பூட்டி சாவியை நானே வெச்சிருந்தேன். டோ பண்ணித்தான் கொண்டுபோனாங்க. வொர்க்‌ஷாப்லகூட நீங்க வர்ற வரைக்கும் திறக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்."

ஒவ்வொரு பதிலோடும் அவர் வெளியே போகக்கூடிய ஒரு வாசல் மூடிக்கொண்டிருந்தது. அதை மூடியது அவர்தான். கடைசியாக, அடி எங்கே பட்டது என்று கேட்டேன். சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார். இடது தோளிலிருந்து நெஞ்சுக் குறுக்கே பெல்ட் அழுத்திய கன்றல். அந்த வண்டியில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். ஓட்டியவருக்குப் பெல்ட் வலது தோள் வழியாகத்தான் வரும். இடது தோளில் வருவது பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு.

அதன் பிறகுதான் போட்டோக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன், இருக்கை முதலில், பெல்ட் அடுத்து. குரலை உயர்த்தவில்லை, பொய் என்ற வார்த்தையே பயன்படுத்தவில்லை. "இது எப்படின்னு எனக்குப் புரியல சார், நீங்கதான் விளக்கணும்" என்றேன். இரண்டாவது போட்டோவிலேயே, மகன் ஓட்டினான், இன்னும் லைசென்ஸ் வாங்கவில்லை என்று வந்துவிட்டது. பேச்சு முழுக்க அவர் முகம் மாறவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை மட்டும் நம்பிப் போயிருந்தால் க்ளெய்ம் பாஸாகியிருக்கும்.

இப்படி ஆதாரத்தைக் கடைசி வரை கையில் வைத்துக்கொண்டு கேட்பது என் கண்டுபிடிப்பு இல்லை. ஸ்வீடனில் கிரான்ஹாக், மரியா ஹார்ட்விக் போன்றவர்கள் இதை ஒரு முறையாகவே வகுத்திருக்கிறார்கள். 2006-இல் வெளியான அவர்கள் சோதனையில், இந்த முறையில் பயிற்சி பெற்ற போலீஸ் பயிற்சி மாணவர்கள் சுமார் 85 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே ஆதாரம் கையில் இருந்தும் பயிற்சி இல்லாதவர்கள் 56-இல் நின்றார்கள். உண்மை சொல்கிறவருக்கும் இது நல்லது. அவர் தானாகவே, "அன்னைக்கு சீட்டை மெக்கானிக் நகர்த்தினான் சார்" என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். அவருக்கு மறைக்க ஒன்றும் இல்லாததால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று வடிகட்டிக்கொண்டிருக்கமாட்டார்.

கையில் ஆதாரமே இல்லாதபோது என்ன செய்வது என்பது கஷ்டமான கேள்வி. அப்போதும் முகத்தை விட்டுவிட்டுப் பேச்சைப் பிடிக்க வேண்டும். 2023-இல் புரூனோ வெர்ஸ்கூரவின் குழு ஒரு எளிய விஷயத்தைச் சோதித்தது. மற்ற அடையாளம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, பேச்சில் விவரம் எவ்வளவு இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யச் சொன்னார்கள். 59 முதல் 79 சதவீதம் வரை சரியாக வந்தது. யார், என்ன, எப்போது, எங்கே என்ற விவரங்கள்தான் கணக்கு.

நான் இதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: அந்த விவரத்தைப் போய்ப் பார்க்க முடியுமா? பொய் சொல்கிறவருக்கும் விவரம் வேண்டும் என்று தெரியும், அதனால் விவரம் கொடுப்பார். ஆனால் "மனசு படபடன்னு அடிச்சுது, கண்ணே இருட்டிடுச்சு" என்ற வகை விவரமாக இருக்கும். "பெட்ரோல் போட்டுட்டு கார்டுல பணம் கட்டினேன், அங்கேருந்து தம்பிக்கு போன் பண்ணினேன்" என்பது வேறு வகை. முன்னதை எங்கே போய்ச் சரிபார்ப்பது? பின்னதில் ஒரு ரசீதும் ஓர் அழைப்புப் பதிவும் இருக்கின்றன. ஆல்டெர்ட் ஃப்ரெய் என்ற ஆய்வாளரின் வேலைகளைப் படித்த பிறகு இதை நேரடியாகவே கேட்கிறேன்: "நான் போய்ப் பார்த்து உறுதிப்படுத்திக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்க." உண்மை சொல்கிறவர்கள் இதைக் கேட்டதும் சுறுசுறுப்பாகிவிடுகிறார்கள், போனை எடுத்துத் தேட ஆரம்பிக்கிறார்கள்.

எதிர்பாராத கேள்வியும் உதவும். கதை தயாரித்து வருகிறவர் என்ன நடந்தது என்பதைத்தான் தயாரிப்பார்; இடம் எப்படி இருந்தது என்பதைத் தயாரிக்கமாட்டார். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "வண்டி எங்கே நின்னுது, நீங்க எங்கே நின்னீங்க, வரைஞ்சு காட்டுங்க" என்பேன். ஒரே வண்டியில் வந்தோம் என்று இருவர் சொன்னால், தனித்தனியாக உட்கார வைத்து வரையச் சொல்வேன். இரண்டு படத்தையும் ஒப்பிட்டால் பேச்சில் தெரியாதது அதில் தெரியும். நன்றாக வரையத் தெரியாததை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. கோணல்மாணலாக இருக்கலாம், கதவு எந்தப் பக்கம் என்பதுதான் பொருட்டு.

சிலர் தப்பாகப் புரிந்துகொள்கிற ஒன்று: முன்னுக்குப் பின் முரண். ஒருவர், "எட்டரை, இல்ல ஒம்போது" என்று திருத்திக்கொண்டால் அதை உடனே பொய் என்று எழுதுகிறார்கள். நிஜ நினைவு அப்படித்தான் வரும். "சரியா ஞாபகம் இல்லை", "இருங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்துச்சு" என்பதெல்லாம் உண்மை பேசுகிறவர்களிடம்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். மனப்பாடம் செய்தவர் மூன்று தடவை கேட்டாலும் அதே வரிசையில், அதே வார்த்தைகளில் சொல்வார். விபத்தில் மயங்கினவர், வயதானவர், சம்பவம் நடந்து நாளானவர், தனக்குச் சரளமில்லாத மொழியில் பேச வேண்டியிருக்கிறவர் ஆகியோரிடம் விவரம் குறைவாகத்தான் இருக்கும். அதை வைத்து எதுவும் முடிவு கட்ட முடியாது.

வேலைக்கு வெளியே இதில் எவ்வளவு பயன்படும் என்று கேட்டால், பாதிதான். வீட்டு ஆட்களிடம் போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால் அது விசாரணை, குடும்பம் இல்லை. பிள்ளைகள் பொய் சொல்லும்போது எனக்குத் தெரிந்துவிடும் என்று எல்லாப் பெற்றோரும் சொல்வார்கள். சொந்தப் பிள்ளையின் பொய்யைப் பிடிப்பதிலும் பெற்றோர் பெரிதாகத் தேறவில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. பதில் ஏற்கெனவே தெரிந்த கேள்வியைப் பிள்ளையிடம் கேட்காமல் இருப்பது நல்லது. உடைந்தது யார் கையால் என்று தெரிந்தால், "உடைஞ்சிருச்சு, வா, சேர்ந்து பொறுக்கலாம்" என்றால் போதும். பொய்க்கு இடமே வராது.

போனில் வருகிற அந்நியரிடம் மட்டும் நேர் எதிராக நடக்க வேண்டும். வங்கியிலிருந்து பேசுகிறேன், உங்கள் உறவினர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று யாராவது சொன்னால், குரல் நிஜமாகப் படுகிறதா என்று யோசிக்கவே உட்காராதீர்கள். அந்த ஆட்டத்தில் நமக்கு 54 தான் கிடைக்கும், எதிரில் இருப்பவர் அதையே தொழிலாகச் செய்கிறவர். இணைப்பைத் துண்டித்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். கடன் கேட்பவர், வேலைக்கு வருபவர், வீடு வாடகைக்கு வருபவர் எல்லாருக்கும் இதே வழிதான்: பேசிப் பார்த்ததில் நல்லவராகத் தெரிந்தார் என்பதோடு நிறுத்தாமல், அவரை முன்பே அறிந்த ஒருவரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள்.

என் அறிக்கையில் இப்போது மூன்று பத்திதான் இருக்கும்: என்ன சொன்னார், அதை எதைக் கொண்டு சரிபார்த்தேன், என்ன கிடைத்தது. சரிபார்க்க வழியில்லாததற்கு நேராக, உறுதிப்படுத்த இயலவில்லை என்று எழுதிவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி இதைப் படித்துவிட்டு, "சார், ஆளைப் பார்த்தப்போ உங்களுக்கு என்ன தோணுச்சுன்னு எழுதவே இல்லையே?" என்று கேட்டாள். தோன்றாமல் இல்லை. எல்லாருக்கும்போல எனக்கும் தோன்றும், பலமாகவே தோன்றும். அப்படித் தோன்றினால் அடுத்து எந்தக் கேமராப் பதிவைக் கேட்கலாம், யாரிடம் பேசலாம் என்று நோட்டில் குறித்துக்கொள்வேன். அறிக்கையில் அதற்குப் பத்தி கிடையாது.